ஒட்டகம் ஏறப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்: சுங்கை சிப்புட் குழுவின் தார்ப் பாலைவனப் பயணம்

போன டிசம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து 23 பேர் கிளம்பி, ராஜஸ்தான் போய், பாலைவன முகாமில் தங்கி, ஒட்டகம் ஏறி, கை கால் முழுசாகத் திரும்பி வந்தோம். வந்த நாளிலிருந்து என்னால் நிம்மதியாக ஒரு தே தாரிக் குடிக்க முடியவில்லை. கடையில் உட்கார்ந்தால் நாலு பேர், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுக்க நின்றால் இரண்டு பேர், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் புலனத்தில் ஒருவர். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வருகிற டிசம்பரில் இரண்டாவது குழு போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் பயண ஏஜென்ட் இல்லை, பள்ளி வேன் ஓட்டுகிறவன். இதில் எனக்கு ஒரு காசு லாபம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் கேட்டார்கள்.

அண்ணே, பாலைவனம் என்றால் துபாய்தானே?

இல்லை. ராஜஸ்தான். இந்தியாவின் மேற்கு ஓரத்தில் ஜெய்சல்மேர் என்று ஓர் ஊர், அதைத் தாண்டினால் தார்ப் பாலைவனம், அதையும் தாண்டினால் பாகிஸ்தான் எல்லை. துபாய் முகாமைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் சாயங்காலம் காடியில் கூட்டிப் போய், ஒட்டகத்தில் ஒரு சின்னச் சுற்று, சாப்பாடு, ஆட்டம், ராத்திரி திரும்ப ஹோட்டல், அவ்வளவுதான். தாரில் சனங்கள் குடியிருக்கிறார்கள். கம்பு விதைக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். உலகத்திலேயே மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம், கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் மேடு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். தாரில் பெரும்பகுதி முள்ளுச்செடியும் கல்லும் காய்ந்த புல்லும்தான், மணல் மேடுகள் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். எங்கள் குழுவில் ஒரு தம்பி ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் வரைக்கும் ஐந்து மணி நேரமும் பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மணல் எங்கே, மணல் எங்கே" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துத் தைப்பிங்கில் சராசரியாக ஒரு மாதத்தில் கொட்டுகிற மழை ஜெய்சல்மேரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் வராது. அங்கே ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிய விஷயம். காலையில் மழை பிடித்தால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை என்று மழையைத் திட்டித் திட்டியே வளர்ந்தவர்கள் நாம். மேகத்தைப் பார்த்தால் சிரிக்கிற ஆட்களை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

எப்படிப் போவது, எத்தனை நாள்?

ஒன்பது நாள். இங்கிருந்து பஸ்ஸில் கேஎல்ஐஏ விமான நிலையம், அங்கிருந்து டெல்லிக்கு ஐந்தரை மணி நேரம், டெல்லியிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஜோத்பூர். அங்கே ஒருநாள் தங்கி மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் ஜெய்சல்மேர், ஏறக்குறைய 285 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து நேராக ரயிலும் உண்டு, ஆனால் 17, 18 மணி நேரம் ஆகும். வயசானவர்களை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் காலை நேரத்தில் மூடுபனி பிடிக்கும். நம் கேமரன் மலைப் பனி மாதிரி அழகு பார்க்கிற பனி இல்லை, ஓடுபாதையே தெரியாத பனி. போன தடவை காலை ஏழு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நாலு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தோம், ஒரு அக்கா பையிலிருந்து முறுக்கு டின்னை எடுத்து மொத்தக் குழுவையும் காப்பாற்றினார். இந்த முறை டெல்லியிலிருந்து மத்தியானத்துக்கு மேல்தான் விமானம். விலை கொஞ்சம் கூடினாலும் சரி.

ஏன் டிசம்பர்? மார்ச் மாதம் டிக்கெட் மலிவாக இருக்குமே?

அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும்தான் அங்கே காலம். மார்ச்சிலேயே சூடு ஏற ஆரம்பித்துவிடும், மே, ஜூனில் 45 பாகையைத் தாண்டும், புழுதிப் புயலும் அடிக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் பார்க்க வேண்டும். ஆகவே டிசம்பர்.

முகாம் எங்கே? சாம் என்று கேள்விப்பட்டேன், கூரி என்றும் சொல்கிறார்கள். எது நல்லது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போன தடவை நான் தப்பு செய்த இடம் இதுதான்.

ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தூரத்தில் சாம். பெரிய மணல் மேடுகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் சாலையோரம் முழுக்க முகாமுக்கு மேல் முகாம், மேட்டின் மேல் ஜீப்புகள், பாராகிளைடர், மேகி விற்கிறவர், மணலில் நிற்கிற உங்களைக் கேட்காமலே படம் எடுத்து இருநூறு ரூபாய் கேட்கிறவர். ராத்திரி ஆனால் ஒவ்வொரு முகாமிலும் ஒலிபெருக்கி. இவர்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பாட்டு இவர்களுக்குக் கேட்கும், நடுவில் படுத்திருக்கிற நமக்கு இரண்டும் கேட்கும். நாங்கள் முன்பணம் கட்டியிருந்த முகாம் படத்தில் காட்டியது வேறு, கொடுத்தது வேறு. "உங்கள் கூடாரம் இன்னொரு குழுவுக்குப் போய்விட்டது" என்று சொல்லி, ஜெனரேட்டர் பக்கத்தில் நாலு கூடாரம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கொள்ளாத அளவுக்கு ஆள். சண்டை போட்டதில் பாதிப் பணம் திரும்பி வந்தது. தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் பஸ் ஓட்டுநரே பரிதாபப்பட்டு, "கூரிக்குப் போங்கள்" என்றார். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அது ஒரு கிராமம். மண் சுவர், புல் கூரை, வட்ட வட்டமான குடிசைகள், சுவரில் வெள்ளைக் கோலம் மாதிரி பூ வேலை. மணல் மேடு சாமைவிடச் சின்னது, மறைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகு காற்றும் ஒட்டகத்துக் கழுத்து மணியும் தவிர வேறு சத்தம் இல்லை. அங்கே அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக ஒரு மாங்கணியார் குடும்பம் வந்து பாடியது. மாங்கணியார்கள் பரம்பரைப் பாடகர்கள், மதத்தால் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடி வருகிறவர்கள். பெரியவர் கமாய்ச்சா என்கிற வில் வாத்தியம் வாசித்தார். பேரன் கையில் கர்தால், அதாவது இரண்டிரண்டு மரப்பலகை, விரலில் பிடித்துத் தட்டுவது. எங்கள் குழுவில் உறுமி மேளம் அடிக்கிற இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருத்தனுக்குக் கை சும்மா இருக்கவில்லை, ஒரு டோலக்கை வாங்கி நம் தைப்பூசத் தாளத்தைத் தட்ட, அந்தப் பேரன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டான். பயணத்தில் எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அதுதான், அதற்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை.

இந்த முறை இரண்டு ராத்திரியும் கூரி. சாமில் ஆட்டம் போட வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் வாதாட வேண்டாம், தனியாகப் போய்க்கொள்ளலாம்.

ஒட்டகம் ஏறப் பயமாக இருக்காதா? விழுந்துவிட மாட்டோமே?

பயம் இரண்டே இடத்தில்தான். எழும்போது ஒன்று, உட்காரும்போது ஒன்று. நடக்கும்போது பயம் இல்லை, இடுப்பு வலி மட்டும்தான்.

ஒட்டகம் காலை மடித்து உட்கார்ந்திருக்கும்போது நாம் ஏறுகிறோம். அது எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும். அந்த நொடியில் நாம் நேராக அதன் கழுத்தில் போய் விழுகிற மாதிரி முன்னால் சாய்வோம். ஆகவே, "எழுகிறது" என்று தெரிந்ததும் உடம்பைப் பின்னால் சாய்த்து, சேணத்தின் முன் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்னங்காலை முதலில் மடிக்கும், மறுபடியும் முன்னால் சாயும், மறுபடியும் நாம் பின்னால். இரண்டு தடவையும் பின்னால் என்று மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். போன தடவை இதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். என் சொந்த மச்சான், ஜாலான் லிந்தாங் பக்கம் எல்லாருக்கும் தைரியம் சொல்கிற ஆள், ஒட்டகம் எழுந்ததும் "முருகா" என்று கத்தியது பாகிஸ்தான் வரைக்கும் கேட்டிருக்கும்.

நடை ஏன் அப்படி ஆடுகிறது என்றால், குதிரை நடக்கிற மாதிரி அது நடக்காது. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும், பிறகு அடுத்த பக்கம். அதனால் தொட்டில் மாதிரி பக்கவாட்டில் ஆட்டம். அதை எதிர்த்து விறைப்பாக உட்கார்ந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. இடுப்பைத் தளர்த்தி அதோடு ஆடிவிட வேண்டும். காலைத் தொங்கப் போட்டே வைத்திருக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முட்டியை மடக்கி நீட்டிக்கொள்ளுங்கள்.

உடை: நீளமான, தளர்ந்த பருத்திக் கால்சட்டை. பெண்களுக்குப் பஞ்சாபி உடை போதும், உள்ளே இறுக்கமான லெகிங்ஸ் போட்டால் தொடை உரசாது. சேலையில் ஏறுவது படத்துக்கு நல்லது, பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஜீன்ஸ் போட்டு வந்த பையன்கள் மூன்று நாள் காலை அகட்டி நடந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் போதும். "அரை நாள் சவாரி" என்று முகாமில் ஆசை காட்டுவார்கள், முதல் தடவை போகிறவர்கள் தலையாட்டாதீர்கள்.

ஒட்டகத்தின் வாயிலிருந்து குடல் வெளியே வந்தது என்று ஒரு அக்கா சொன்னாரே, உண்மையா?

வந்தது குடல் இல்லை. குளிர்காலம் ஒட்டகத்துக்கு இணைசேரும் காலம். ஆண் ஒட்டகம் வாயின் மேலண்ணத்துச் சதையைக் காற்றடித்து, வாயின் ஓரமாக இளஞ்சிவப்புப் பலூன் மாதிரி வெளியே தொங்கவிடும், கூடவே தண்ணீர்க் குடத்தில் காற்று ஊதுகிற மாதிரி ஒரு குடுகுடு சத்தம், வாய் நிறைய நுரை. பார்க்கிறவருக்குத்தான் அதிர்ச்சி, அதற்கு அது மாப்பிள்ளை மிடுக்கு. அந்த நேரத்தில் அதன் முகத்துக்கு நேராகப் போய்ப் படம் எடுக்காதீர்கள், எரிச்சலில் கடித்துவிடும். மற்றபடி ஒட்டகக்காரர் பார்த்துக்கொள்வார்.

என் எடை 98 கிலோ. ஒட்டகம் தாங்குமா?

ஒருவர் என்றால் தாங்கும். ஒரே ஒட்டகத்தில் இரண்டு பெரியவர்களை ஏற்றுவதற்குத்தான் நான் ஒப்ப மாட்டேன். முகாம்காரர் "ஜோடியாகப் போங்கள், படம் அழகாக இருக்கும்" என்பார். அவருக்கு ஒட்டகக் கூலி மிச்சம். நம் குழுவில் ஒருவருக்கு ஓர் ஒட்டகம், பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை மட்டும் அம்மாவோடு.

அம்மாவுக்கு 71 வயசு, முட்டி வலி. கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். ஒட்டகத்தில் ஏற்றாதீர்கள். அங்கே ஒட்டக வண்டி இருக்கிறது. தட்டையான பலகை வண்டி, பழைய விமான டயர் போட்டு ஓடுவது, மேலே மெத்தையும் தலையணையும் போட்டுத் தருவார்கள். போன தடவை நாலு ஆயாமார்கள் ஒரே வண்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒட்டகத்தில் இடுப்பு ஒடிந்து வந்த எங்களைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கர்ப்பிணிகளுக்கும், முதுகெலும்புத் தொந்தரவு உள்ளவர்களுக்கும், கிட்டத்தில் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும் இதே வண்டிதான், இதில் பேரம் கிடையாது.

ஜெய்சல்மேர் கோட்டையில்தான் முட்டிக்காரர்களுக்குக் கஷ்டம். ஏற்றம், கருங்கல் மாதிரி வழுக்குகிற தேய்ந்த கல். மெதுவாக ஏற வேண்டும்.

இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள்?

நம் குழுவில் சாப்பிடாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். மருந்து, இன்சுலின் எல்லாம் கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காற்று அவ்வளவு வறட்சி, வேர்ப்பதே தெரியாது, ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு அக்காவுக்கு இரண்டாம் நாள் தலை சுற்றியது. உதட்டுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெய் கொண்டு வாருங்கள்.

கழிவறை எப்படி?

முகாமில் ஒவ்வொரு குடிசைக்கும் உண்டு, உட்காரும் வகை. சுடுதண்ணீர் வாளிக் கணக்கில் வரும், ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாட முடியாது. மணல் மேட்டில் ஒன்றும் கிடையாது, போவதற்கு முன்னால் போய்விட்டு வாருங்கள்.

குளிர் கேமரன் மலை மாதிரி இருக்குமா?

கேமரன் மலை அதற்குத் தம்பி. பகலில் 24, 25 பாகை, கைச்சட்டை போதும். சூரியன் இறங்கின அரை மணி நேரத்தில் மணல் சூட்டையெல்லாம் விட்டுவிடும், விடியற்காலையில் 6, 7 பாகைக்கு வந்துவிடும். டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடும், விடிய ஏழேகால், ஏழரை ஆகும், அதனால் ராத்திரி ரொம்ப நீளம். குரங்குத் தொப்பி, காலுறை இரண்டு ஜோடி, கனமான ஜாக்கெட். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கின மெல்லிய ஜாக்கெட்டை நம்பி வந்தவர்கள் முகாம் ரஜாயைப் போர்த்திக்கொண்டே பசியாற வந்தார்கள்.

வெளியே கயிற்றுக் கட்டில் போட்டும் படுக்கலாம். நான் படுத்தேன். தோட்டத்தில் மின்சாரம் ஒன்பது மணிக்கு நிறுத்துகிற காலத்தில் வாசலில் படுத்துக்கொண்டு அப்பா அறுமீனைக் காட்டுவார், கார்த்திகை என்று. அதற்கப்புறம் அதை அவ்வளவு தெளிவாகப் பார்த்தது கூரியில்தான். நிலா இல்லாத நாட்களாகப் பார்த்துத் தேதி வைத்ததற்குக் காரணமே அதுதான். பௌர்ணமிக்குப் போனால் மணல் அழகு, நட்சத்திரம் போச்சு.

சாப்பாடு? சோறு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது அவர்கள் சாப்பாடு இல்லை, நமக்காகப் பொங்குவது. அவர்களுடையது கம்பு ரொட்டி, மேலே நெய், கடி என்று நம் மோர்க்குழம்புக்குச் சொந்தக்கார ஒன்று, பருப்போடு பாட்டி என்கிற சுட்ட மாவு உருண்டை. முகாமில் பெரும்பாலும் சைவம். ஆட்டுக்கறி முன்கூட்டியே சொன்னால் செய்து தருவார்கள், மிளகாய் தாராளம், நம் ஆட்கள் குறை சொல்லவில்லை.

கேர் சாங்கிரி என்று ஒரு பொரியல் வைப்பார்கள், காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், ஒதுக்கிவிடாதீர்கள். சாங்கிரி என்பது நம் வன்னி மரத்தின் காய். ஆமாம், விஜயதசமிக்கு அம்பு போடுகிற அதே வன்னி. அங்கே அதற்குப் பெயர் கேஜ்ரி, ராஜஸ்தானின் மாநில மரமே அதுதான். 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி என்ற ஊரில் பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று 363 பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள், முதலில் நின்றது அம்ரிதா தேவி என்கிற பெண். கோயிலில் ஒரு கிளையை நட்டு அம்பு எய்கிற நமக்கு, இந்த மரத்துக்கு உயிர் கொடுத்த ஊர் ஒன்று இருப்பது தெரியாமல் இருந்தது. இந்த முறை ஜோத்பூரிலிருந்து அங்கே ஒரு மணி நேரம் போகிறோம்.

சம்பல், ஊறுகாய், மூன்று பாக்கெட் மேகி கொண்டு வரலாம். ஐந்து கிலோ அரிசி வேண்டாம் (கொண்டு வந்தார் ஒருவர்).

ஒட்டகம் பாவம் இல்லையா? இதெல்லாம் வதை என்கிறார் என் மகள்.

மகள் கேட்பது நல்ல கேள்வி. பார்க்க வேண்டியதைப் பார்த்து ஏறுங்கள். மூக்கில் கட்டை குத்தி அதில்தான் கயிறு கட்டியிருப்பார்கள், நம் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. அந்த இடம் புண்ணாக, சீழோடு இருந்தால் ஏறாதீர்கள். சேணத்துக்குக் கீழே முடி உதிர்ந்து காயம் இருந்தாலும், நொண்டினாலும் அப்படியே. "வேறு ஒட்டகம்" என்று கேட்டால் தருவார்கள், வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் யாருமே ஏறாமல் விட்டால் ஒட்டகம் பிழைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சம் ஒட்டகம், 2019இல் இரண்டரை லட்சம். டிராக்டரும் ஜீப்பும் வந்தன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2014இல் ராஜஸ்தான் அதை மாநில விலங்கு ஆக்கியது, 2015இல் கொல்லவும், அனுமதியில்லாமல் வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகவும் தடை போட்டுச் சட்டம் செய்தது. காப்பாற்றத்தான் செய்தார்கள், ஆனால் விற்க முடியாத பிராணியை யார் வளர்ப்பார்கள் என்று வளர்க்கிறவர்களே கேட்கிறார்கள். நம் பக்கத்தில் செம்பனைக் குலை இழுத்த எருமைகள் நினைவிருக்கிறதா? சின்ன டிராக்டர் வந்தது, எருமை எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

ஒட்டகக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்றார்களே?

அடக்கம்தான். யாருக்குள் அடங்கியது என்பதுதான் கேள்வி.

சாமில் தலைக்கு 800 ரூபாய் ஒட்டகத்துக்கு என்று முகாமுக்குக் கட்டினோம். என் ஒட்டகத்தைப் பிடித்து வந்தவர் நாற்பது வயசுக்காரர், பெரும்பாலும் பேசாமலே நடந்தார். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் கேட்டேன்: ஒட்டகம் உங்களுடையதா? ஆமாம். முகாம் எவ்வளவு தருகிறது? இரண்டு விரலைக் காட்டி, அப்புறம் பாதி விரலைக் காட்டினார். 250. தீனி அவர் செலவு. வேலை இல்லாத மாதங்களிலும் ஒட்டகம் சாப்பிடத்தான் செய்யும்.

இதைக் கேட்டதும் வண்டியில் இருந்த ஒரு ஆயா, முப்பது வருடம் பால் வெட்டினவர், "கங்காணி தலைக்காசு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஆள் கணக்குப் பார்த்து நடுவில் நிற்கிறவன் எடுத்துக்கொள்வதும், வெயிலில் நடக்கிறவனுக்கு மிச்சம் போவதும் நம் குடும்பத்தில் யாருக்கும் புதுக் கதை இல்லை. என் அப்பாவும் கடைசி ஆறு வருடம் கான்ட்ராக்ட்காரரிடம்தான் வெட்டினார்.

ஆகவே குழுவின் விதி: கூரியில் ஒட்டகத்தை முகாம் மூலமாக எடுப்பதில்லை. கிராமத்தில் ஒட்டகம் வைத்திருப்பவர்களிடம் நேராகப் பேசி, ஒருவருக்கு 700 ரூபாய், சவாரி முடிந்ததும் அவரவர் ஒட்டகக்காரர் கையில் அவரவரே கொடுப்பது. கவரில் போட்டு என்னிடம் கொடுக்காதீர்கள், நானும் நடுவில் நிற்க விரும்பவில்லை. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மனசு. போன தடவை ஒரு அக்கா கொண்டு வந்திருந்த ஜாக்கெட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊர் வரும்வரை என் மனைவி சால்வையில் வந்தார்.

விசா?

வேண்டும். மின்விசா, வீட்டிலிருந்தே எடுக்கலாம். இந்திய அரசாங்கத்தின் தளம் ஒன்றே ஒன்றுதான், முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடியும். அதே மாதிரி முகப்போடு வேறு தளங்கள் நிறைய இருக்கின்றன, நம் குழுவில் இரண்டு பேர் அதில் போய் மூன்று மடங்கு கட்டினார்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெயர் கடப்பிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. தாத்தா பாட்டி பாகிஸ்தான்காரர்களா என்றெல்லாம் படிவம் கேட்கும், பதறாதீர்கள், இல்லை என்று போடுங்கள். வந்த அனுமதியைத் தாளில் அச்சடித்து இரண்டு நகல் வையுங்கள், கைப்பேசி பேட்டரி குடிவரவு வரிசையில்தான் செத்துப் போகும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

போன தடவை தலைக்கு 4,150 மலேசிய வெள்ளி, விசா தவிர. இந்த முறை 4,300க்குள் முடிக்கப் பார்க்கிறேன். மாதம் 400 வீதம் கட்டலாம், ரசீது உண்டு, கணக்குப் புத்தகம் என் வேனிலேயே இருக்கும், யாரும் எப்போதும் பார்க்கலாம். கூரி மாதிரி ஊரில் ரொக்கம்தான், சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தி தெரியாதே?

எனக்கும் தெரியாது. பானி என்றால் தண்ணீர், தீரே என்றால் மெதுவாக. "பஸ்" என்றால் போதும் என்று அர்த்தம், இதை மட்டும் மறக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் தம்பி என்னிடம் "பஸ் எத்தனை மணிக்கு, பஸ்?" என்று கேட்க, நெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் பாவம் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேய் ஊர் ஒன்று இருக்கிறதாமே? ராத்திரி போகலாமா?

குல்தாரா. ஜெய்சல்மேரிலிருந்து 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த கிராமம். சலீம் சிங் என்ற திவானின் தொல்லை தாங்காமல் சுற்றுப்புறத்து ஊர்க்காரர்களோடு ஒரே ராத்திரியில் காலி செய்து, சாபம் விட்டுப் போய்விட்டார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றி, வரி ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. ராத்திரி விட மாட்டார்கள், பகலில் போகிறோம்.

பேய் எதுவும் இல்லை. வரிசை வரிசையாகக் கூரை இல்லாத வீடு, சமையல்கட்டு, மாடம், நடுவில் கோயில். பையன்கள் பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேசவில்லை. நாங்கள் பிறந்த தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இப்போது செம்பனைக்கு நடுவில் நாலு தூணாக நிற்கிறது, மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் வருடம் ஒரு தடவை போகிறோம். அதையும் யாராவது பேய் ஊர் என்று காட்டிக் காசு வாங்கலாம்.

கோட்டைக்குள்ளேயே ஹோட்டல் இருக்கிறதே, அங்கே தங்கலாமே?

தங்க மாட்டோம். 1156இல் ராவல் ஜெய்சல் கட்ட ஆரம்பித்த மஞ்சள் மணற்கல் கோட்டை, இன்றும் உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள், 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் தண்ணீரைத் தலையில் சுமந்து ஏற்றினார்கள், இப்போது குழாயில் ஏறுகிறது, ஏறின தண்ணீர் வடிய வழியில்லாமல் அடிவாரத்தை அரிக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிற 23 மலேசியர்கள் அங்கே போய்த் தங்கினால் எப்படி?

ட்ரோன், மின்சிகரெட்?

இரண்டும் வேண்டாம். அது எல்லை மாவட்டம், ராணுவம் இருக்கிற இடம், ட்ரோனைப் பிடித்தால் என்னால் பேசி வாங்கிக் கொடுக்க முடியாது. மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. எல்லைக் கிராமங்கள் சிலவற்றுக்கு வெளிநாட்டவர் போகத் தனி அனுமதி வேண்டும். முகம் ஒரே மாதிரி இருந்தாலும் நம் கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ், அங்கே நாம் வெளிநாட்டவர்தான்.

குடிக்கலாமா?

கூரியில் நம் குழு தங்குகிற இரண்டு ராத்திரியும் வேண்டாம் என்று போன கூட்டத்தில் பெண்கள் கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்காதீர்கள்.

பெயர் எப்போது கொடுக்க வேண்டும்?

24 இடம், இதை எழுதும்போது 15 போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வீட்டில் இருப்பேன். கடப்பிதழ் நகல், முதல் மாதப் பணம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதின ஒரு தாள், மூன்றும் கொண்டு வாருங்கள். ஒட்டகமா வண்டியா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். என் மச்சான் இந்த முறை வண்டிக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்.